பூஜ்யத்தில் பாதி

ஸ்கார்வோய், பிப்ரவரி 3

அன்புள்ள சுனிவா,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் போன ஆகஸ்டிலேயே சொன்னேன். உன் அம்மாவைக் கேள். அவள் இல்லை என்பாள். என் தங்கைக்கு என் பேச்சு எந்தக் காதிலும் நுழைவதில்லை. “பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு, ஏழு பிள்ளைகளின் ரோபோ குழுவையும் ஒற்றை ஆளாய் இழுத்தால், இந்தப் பெண் நவம்பரில் படுத்துவிடுவாள்” என்றேன். நவம்பர் என்றே சொன்னேன். தேதியையும் சொல்லியிருப்பேன், அதற்குள் காபி வந்துவிட்டது.

அடுத்ததையும் சொன்னேன். நவம்பரில் போட்டி முடிந்துவிடும். அடுத்த வருஷப் போட்டிக்கான புதிர் ஆகஸ்டில்தான் வரும். நடுவில் ஒன்பது மாதம் செய்ய ஒன்றும் இல்லாமல் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் கழன்றுபோகும் என்று. போயிற்றா இல்லையா? எஸ்கில் ஹேண்ட்பாலுக்குப் போய்விட்டான்.

ஆனால் நீ கவலைப்படாதே. புதன்கிழமைகளை நான் எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியை போடில் முதலில் குழு பழகும் நிலவறையின் சாவியைத் தர மறுத்தாள்.

“நீங்க ஏழாங்கிளாஸோட நின்னவராச்சே ஒட்வார், உங்களை நம்பி எப்படிக் குடுக்கறது?”

“ஏழு கிளாஸை ஒன்பது வருஷம் படிச்சவன் நான். பள்ளிக்கூடத்தைப் பத்தி உங்களைவிட எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும்.”

சாவியை நீட்டினாள். ஒரு நிபந்தனை. ஜூன் முதல் தேதிக்குள் ஆசிரியர் ஒருவர் அடுத்த வருஷத்துக்கும் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் குழு இருக்கும். இல்லாவிட்டால் நிலவறை டேபிள் டென்னிஸ்காரர்களுக்கு. என் கையெழுத்துச் செல்லாதாம், உன்னுடையது செல்லுமாம். அதற்கு இன்னும் நான்கு மாதம் கிடக்கிறது, இப்போது அதை நினைக்காதே.

முப்பத்தொரு வருஷம் மீன் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவனுக்கு இந்த விளையாட்டு வண்டி எம்மாத்திரம்? முதல் நாளே வீட்டிலிருந்து வாஃபிள் அப்பம் சுடும் இரும்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள், வாசனை பிடித்துக்கொண்டு.

நீ நிம்மதியாய்த் தூங்க ஒன்று சொல்கிறேன்: யாரும் உன்னைக் கேட்கவில்லை. ஒருத்தர்கூட. எல்லாரும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள்.

உன் மாமா
ஒட்வார்


லியாசெட் ஓய்வில்லம், பிப்ரவரி 15

அன்புள்ள மாமா,

கைப்பேசியை வந்த அன்றே வாங்கி இழுப்பறையில் பூட்டிவிட்டார்கள். அதனால் பேனா. அரைப் பக்கம் எழுதினால் கை சோர்ந்துவிடுகிறது, குறைத்துக்கொள்கிறேன்.

இங்கே காலையில் நடக்கச் சொல்கிறார்கள். நடக்கிறேன். பிறகு சூப். பிறகு படுக்கச் சொல்கிறார்கள். முப்பத்தாறு வயதில் ஒருத்தி பகலில் படுத்து மேற்கூரையின் பலகைகளை எண்ணுகிறாள். நாற்பத்திரண்டு.

ஒன்பது பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் இருப்பதே ஏழு பேர், அதில் எஸ்கில் போய்விட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து உங்கள் கணக்கை நான் பாதியாக வகுத்தே கேட்பவள். நான்கரை. அந்த அரை யார் என்று தெரியவில்லை, ஆனாலும் மோசமில்லை.

நிலவறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். போட்டி இல்லாத மாதங்களில் என்னென்ன பயிற்சி என்று பன்னிரண்டு வரிகள். தயவுசெய்து அதைப் பின்பற்றுங்கள். முக்கியமாக நான்காவது வரி: நிலவறையின் குழல்விளக்கில் மட்டும் பழகினால் போதாது, ரோபோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோயும் அளந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் மாறினால் அதன் கண் ஏமாந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை இருத்தி வைக்காதீர்கள். தீரிலைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவளாகப் பேசுவாள்.

யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினேன். நன்றி.

சுனிவா


ஸ்கார்வோய், மார்ச் 12

அன்புள்ள சுனிவா,

பட்டியல் போய்விட்டது. காற்று. நிலவறையில் ஏது காற்று என்று கேட்பாய். கதவைத் திறந்தேன், வடமேற்கிலிருந்து ஒன்று அடித்தது பார், பட்டியல் மட்டுமல்ல, உடற்பயிற்சி வாத்தியாரின் தொப்பியும் போயிற்று. எங்களுக்குப் பட்டியல் வேண்டாம். தலையில் இருக்கிறது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு சங்கடம் வந்தது, அதையும் எதிர்பார்த்தே இருந்தேன். குளிர்காலக் காட் மீன் வந்துவிட்டது. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் பள்ளி விட்டதும் கத்தியோடு மீன்துறைக்கு ஓடி, மீன் தலைகளிலிருந்து நாக்கு அறுத்துக் காசாக்க உட்கார்ந்துவிட்டன. உனக்கும் அந்த வயதில் கை அதில்தானே இருந்தது. அந்தப் புதன்கிழமை நிலவறையில் நானும் வாஃபிள் இரும்பும் மட்டும்.

வேறு யாராயிருந்தாலும் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் என்ன செய்தேன்? ரோபோவைத் தள்ளுவண்டியில் ஏற்றி நேரே துறைக்கே கொண்டுபோனேன். “நீங்க வரலேன்னா நாங்க வர்றோம்” என்றேன். நாக்குகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரிக்க ஒரு இயந்திரம் கட்டுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டேன். கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் நாக்கு பிரித்தது. கிடங்கு முதலாளி கண்ணீர் விட்டார்.

தீரில் ஒரு கையில் கத்தியும் மறு கையில் ரோபோவுமாய் நின்று சொன்னாள்: “ஒட்வார், இதோட கண்ணுல மீன் கோழை ஒட்டியிருக்கு. எல்லா நாக்கையும் பெருசுன்னே சொல்லுது. உங்களை மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே ரோபோவுக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என் பெயர். எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

நிலவறையில் ஒழுங்குக்கு ஒரு சட்டமும் போட்டிருக்கிறேன். குற்றம் செய்பவர் அன்றைக்கு வாஃபிள் இரும்பைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். சுனிவா, அந்த இரும்பு வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

ஒட்வார் மாமா


லியாசெட், மார்ச் 29

அன்புள்ள மாமா,

ரோபோவுக்கு ஏன் உங்கள் பெயரை வைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா? கேட்க வேண்டாம்.

ஆயிரம் நாக்கை ஐந்நூறாக்கிக்கொண்டேன். ஐம்பது என்றாலும் சந்தோஷம்தான். மீன் வரும் மாதத்தில் நான் எப்போதும் குழுவுக்கு விடுமுறை விட்டுவிடுவேன். துறைக்கே போகலாம் என்று ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது கொஞ்சம் கசக்கிறது.

ஒரு விஷயம். நீங்கள் எதைச் சொன்னாலும் என்னால் பாதியாக்கிக்கொள்ள முடிகிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பூஜ்யத்தில் பாதியும் பூஜ்யம்தான்.

முதலில் அது தூங்க உதவியது. இப்போது அதுவே எழுப்பிவிடுகிறது.

நவம்பரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? போட்டி முடிந்துவிட்டது. ஒன்பதாவது இடம். மண்டபத்துக்கு வெளியே நான் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் துவாரத்தில் வைத்தேன். திருப்ப முடியவில்லை. கை வரவில்லை. ஏழு பேரும் ஈரப்பனியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், கையில் சாண்ட்விச் டப்பாவோடு, நான் கதவைத் திறப்பேன் என்று. நாற்பது நிமிஷம். கடைசியில் தீரில்தான் வேறு ஊர் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

என்னைப் பார்த்து அவர்களுக்குப் பயமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்பதில்லையோ? உண்மையைச் சொல்லுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். அப்புறம், வாஃபிள் இரும்பைத் துடைக்க வைக்கிறீர்களே, அப்படி என்ன குற்றம் செய்கிறார்கள்?

சுனிவா


ஸ்கார்வோய், ஏப்ரல் 8

சுனிவா,

ஈஸ்டர் வாழ்த்து. ஆரஞ்சு சாப்பிடு. வெயிலில் உட்கார்.

கேட்டதற்குப் பதில்: அப்படித்தான், யாரும் கேட்கவில்லை. பயம் கியம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அப்படித்தான், வாஃபிள் இருக்கும் இடத்தில் மனம். குற்றம் என்பது சில்லறைக் குற்றங்கள். விளக்கி எழுத நேரமில்லை.

பெரிய சேதி: மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் குழு நடக்கப்போகிறது. ரோபோ முன்னால் கொடியை இழுத்துக்கொண்டு போகும், தெருவோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே. யோசனை என்னுடையது. நிலவறைத் தரையில் வெள்ளை டேப் ஒட்டிப் பழகுகிறார்கள். இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். எஸ்கில்கூட எட்டிப் பார்த்தான்.

ஒ.


ஸ்கார்வோய், மே 18

அன்புள்ள சுனிவா,

நேற்று ஸ்கார்வோய் கண்ட ஊர்வலத்தை இந்தத் தீவு இனி நூறு வருஷம் பேசும். நானே பேச வைப்பேன்.

காலையில் மழை. பத்து மணிக்கு நின்றது. பாண்டு வாத்தியம் தயார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் சங்கங்கள் வரிசையில் நின்றன: மீனவர் சங்கம், பாடகர் குழு, டேபிள் டென்னிஸ்காரர்கள் (முறைத்தார்கள்), அப்புறம் நாங்கள். போடில் எங்களைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். “சின்ன வண்டி, பின்னால மாட்டிக்கிட்டா யார் கண்ணுலயும் படாது. முன்னாடி போங்க” என்று பாண்டுக்கும் முன்னால் நிறுத்திவிட்டாள். அது அவள் செய்த தப்பு.

தபால் நிலையம் வரை என் பெயர் கொண்டவன் கோடு பிசகாமல் போனான். ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் மேகம் விலகிச் சூரியன் வந்தது. நனைந்த தார்ச்சாலை முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு கோடு இருந்த இடத்தில் தெருவே கோடாகிவிட்டது. ரோபோ ஒரு நிமிஷம் நின்று யோசித்தது. பிறகு இடது பக்கம் திரும்பி, இருப்பதிலேயே அதிகமாக மின்னிய பக்கம், அதாவது கடலைப் பார்த்து, கொடியோடு கிளம்பிவிட்டது.

பாண்டுக்காரர்களுக்கு முன்னால் போவதைப் பின்தொடர்ந்தே பழக்கம். தாளம் தப்பாமல் அவர்களும் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் திரும்பியது. மேயர் திரும்பினார். ஊரே வாசித்துக்கொண்டு மீன்துறைக்கு வந்து சேர்ந்தது. ட்யூபா ஊதுகிறவருக்கு ஒரு கால் தண்ணீருக்குள். அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து ஒரு கடற்கழுகு இறங்கி, கொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. சத்தியம்.

“முக்காடு! முக்காடு போடு!” என்று நான்தான் கத்தினேன். தீரில் ஓடினாள். விழா உடுப்பில் இருந்தாள், கம்பளிப் பாவாடை, வெள்ளிப் பொத்தான் எல்லாம். பாவாடையை இரண்டு கையாலும் விரித்து ரோபோவின் மேல் குடை மாதிரி பிடித்தாள். நிழல் விழுந்ததும் அதற்குக் கண் தெரிந்துவிட்டது. கோட்டின் மேல் வைத்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை அந்தப் பெண் குனிந்தபடியே நடந்தாள், பாவாடையை விரித்துக்கொண்டு, வாத்து நடை நடந்து. மேயர் உட்பட யாரும் சிரிக்கவில்லை. பாண்டு மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசித்தது, அவளுக்காக.

ஒருவேளை உன் பட்டியலின் நான்காவது வரி இதைப் பற்றித்தானோ என்னவோ.

ஒட்வார் மாமா


லியாசெட், மே 21

அன்புள்ள மாமா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சூப் ஆறிவிட்டது.

“முக்காடு” என்று கத்தியது நீங்கள் இல்லை. அந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. போட்டி மண்டபங்களில் விளக்கு கூசும்போது ரோபோவின் கண்ணுக்கு மேலே வைக்க அட்டையில் ஒரு மூடி செய்வோம், அதற்கு நான் வைத்த பெயர். குழுவுக்குள் மட்டும் புழங்கும் பெயர். ஆக, யாரோ ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அதுவே போதும் என்று தோன்றுகிறது. நான் கற்றுக்கொடுத்தது அவர்களிடம் இருக்கிறது. நான் அங்கே இல்லாமலேயே இருக்கிறது. நீங்கள் மீன்துறைக்குப் போனீர்கள், ஊர்வலத்துக்குப் போனீர்கள், கழன்றவர்கள் திரும்பினார்கள். நானாயிருந்தால் இந்த மாதங்களில் பன்னிரண்டு வரிப் பட்டியலோடு அவர்களையும் களைக்க வைத்து, நானும் களைத்திருப்பேன். நான்கு மாதத்தில் ஒருத்தரும் கேட்காத ஆளை எதற்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்?

இதில் கோபம் இல்லை, மாமா. களைப்புதான். கொஞ்சம் நிம்மதியும்.

உள்ளே ஒரு உறை வைத்திருக்கிறேன். போடிலுக்கு. அடுத்த வருஷம் பொறுப்பேற்க முடியாது என்று எழுதியிருக்கிறேன். முதல் தேதிக்குள் சேர்த்துவிடுங்கள். வேறு ஆசிரியர் யாராவது முன்வரக்கூடும். வராவிட்டால் டேபிள் டென்னிஸும் நல்ல விளையாட்டுதான்.

சுனிவா


ஸ்கார்வோய், மே 25

அன்புள்ள சுனிவா,

உறையை இன்னும் சேர்க்கவில்லை. திறக்கவும் இல்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அங்கே சமையலறைச் சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறதாமே. மாட்டேன் என்பதானால் நீயே போடிலைக் கூப்பிட்டுச் சொல். ஒரு நிமிஷ வேலை. என் கையால் அதைக் கொடுக்க முடியாது. காரணம் கீழே வருகிறது. கொஞ்சம் பொறு, எனக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

நான் களைத்துவிட்டேன். சிரிக்காதே. ஃபோர்க்லிப்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தபோது வராத களைப்பு. புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தால் ஏழு மணிச் செய்தி முடிகிறவரை எழுந்திருக்க முடியாது. இதை நீ ஆறு வருஷம் செய்தாய், வாரத்துக்கு மூன்று நாள், அப்புறம் பரீட்சைத் தாளும் திருத்தினாய். அந்தச் சாவி ஏன் திரும்பவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. இதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒன்பது பேர் வந்தார்கள் என்றேன். முதல் நாள் மூன்று பேர். இப்போது ஆறு. நாக்குப் பிரிக்கும் இயந்திரம் பதினொரு நாக்கைப் பிரித்தது, அதில் ஒன்று காட் நாக்கே அல்ல, தவளைமீனுடையது. ட்யூபாக்காரரின் கால் நனையவில்லை. நனைவதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. கத்தியது தீரில்தான். “முக்காடு” என்று அவள் கத்தினாள், மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கத்தினார்கள், எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பட்டியலைக் காற்று கொண்டுபோகவில்லை. அதன்மேல் வாஃபிள் மாவைக் கொட்டிவிட்டேன். இதெல்லாம் நீ பாதியாக்கிக்கொள்வாய் என்று தெரிந்தே எழுதியவை. பிழைத்துப் போகட்டும்.

வாஃபிள் இரும்புக்கு வருகிறேன்.

நீ போன மறுநாள் உன் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “அண்ணே, டாக்டர் சொல்லியிருக்கார். அந்தப் பிள்ளைங்க பாரம் அவமேல ஒரு சொட்டுகூட விழக்கூடாது. அதுங்க கேட்டுது, தேடுதுன்னு நீ ஏதாவது எழுதினியோ, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே” என்றாள். தங்கை சொல்லை நான் வாழ்க்கையில் கேட்ட ஒரே தடவை அதுதான்.

முதல் புதன்கிழமை, நான் கதவைத் திறப்பதற்குள் தீரில் கேட்டுவிட்டாள். “சுனிவா எப்ப வருவாங்க?” அப்புறம் மற்ற இரண்டு பேரும். வாஃபிள் வெந்துகொண்டிருக்கும்போது மறுபடி. நான் என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியாது. அதனால் சட்டம் போட்டேன்: சுனிவாவைப் பற்றிக் கேட்பவர் இரும்பைத் துடைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வேலை பிடிக்காது, வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மூடவில்லை. கேட்டுவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே போய் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள். மீன்துறைக்குப் போன அன்றும் கேட்டார்கள்; இரும்பு நிலவறையில் இருந்ததால் அடுத்த வாரம் இரண்டு முறை துடைத்தார்கள். எஸ்கில் அன்றைக்கு எட்டிப் பார்த்தது ஊர்வலத்துக்காக இல்லை. ஹேண்ட்பால் பையோடு வந்தான், கேட்டான், துடைத்தான், போய்விட்டான்.

போன புதன்கிழமை தீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: “நாங்கதான் அவங்கள உடைச்சிட்டோமா, ஒட்வார்?”

“அப்படியெல்லாம் இல்ல.”

“அப்ப ஏன் அவங்களைப் பத்திக் கேட்டா தண்டனை?”

மாவைக் கலக்கினேன்.

நீ வா என்று எழுத நான் யார்? வராவிட்டாலும் தப்பில்லை, அவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அம்மா முகத்தில் விழிக்காமலும் இருந்துகொள்கிறேன். ஆனால் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு நீ முடிவெடுக்கக் கூடாது.

அந்த இரும்பைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்புப் பூச்சு முழுக்கப் போய்விட்டது. வெள்ளையாய்ப் பல்லிளிக்கிறது. மூன்று வாரமாக ஒரு வாஃபிள்கூட முழுதாக வருவதில்லை, ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வருகிறது. அதையும் தின்கிறார்கள்.

கழுகு நிஜம். பூஜ்யம்தான் நான் கட்டிய கதை.

ஒட்வார்